அணில்பாம்பு உறக்கம்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்கும் சொல்லாமல் போய்த் தேத்தண்ணி குடிப்பார்கள், ஆனால் குணநாயகம் வீட்டுக்கு மட்டும் வரச்சொல்லிக் கேட்டாலும் போகமாட்டார்கள், ஏனென்றால் அந்த மனிதர் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில் பாம்பு வளர்த்தார். விஷமில்லாத பாம்புதான். கார்ற்றர் பாம்பு என்று இந்த நாட்டில் சொல்வார்கள். பெருவிரல் தடிப்புக்கு மேலே போகாது, தோட்டங்களிலும் குளக்கரைகளிலும் புல்லுக்குள் ஓடித்திரியும், முதுகில் தலையிலிருந்து வால்வரை மூன்று மஞ்சள் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளைப் பார்த்து அவருடைய மனைவி தவமலர்தான் முதன்முதலில், வெறுப்போடு, அணில்பாம்பு என்று சொன்னாள். பெயரும் நிலைத்துவிட்டது, வெறுப்பும் நிலைத்துவிட்டது.

கார்ச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் குணநாயகத்தோடு வேலை செய்த போலந்துக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு சோடியைக் கண்ணாடிப் பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டுப் போனார். யாராவது வாங்க வரும்வரைதான் என்று குணநாயகம் தவமலருக்குச் சொன்னார். யாரும் வரவில்லை, அவரும் யாரையும் தேடவில்லை. மண்புழுவையும் சிறு மீனையும் எப்படி வெட்டிக் கொடுப்பது, தண்ணீர்ப் பாத்திரத்தை எப்போது மாற்றுவது, தோல் உரிக்கப்போகும் பாம்பின் கண் எப்படிப் பால்போல மங்கும் என்பதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டார். பயந்த பாம்பைத் தூக்கினால் அது கையில் பூசிவிடும் நாற்றம் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது என்பதையும் கற்றுக்கொண்டார். இந்தப் பாம்பு முட்டையிடாது, குட்டிதான் போடும். குட்டிகளைத் தனித்தனியாக வைத்துத்தான் தீனி கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரே மண்புழுவை இரண்டு குட்டிகள் இரண்டு முனையிலிருந்தும் விழுங்கிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கும், அப்போது பெரியது சின்னதையும் சேர்த்து விழுங்கிவிடும். காணி பிரிக்கும்போது எங்கள் ஊர் அண்ணன் தம்பிமார் சட்டத்தரணி வைத்துச் செய்கிற காரியத்தை இவை நேரடியாகச் செய்தன. கடைசியாக அவர் கற்றுக்கொண்டது, மாரியில், இந்த நாட்டுப் பனிக்காலத்தில், குளிரில் படுக்காத பாம்பு கோடையில் குட்டி போடாது என்பது. ஆகவே ஐப்பசி மாதம் தீனியை நிறுத்தி, வயிறு வெறுமையானதும், பெட்டியோடு கொண்டுபோய்க் குளிர் அறையில் வைத்துவிடுவார்.

குளிர் அறை என்பது கனடா வீடுகளில் வாசற்படிக்குக் கீழே, பேஸ்மென்றின் ஓர் ஓரத்தில் இருக்கும் சின்ன இருட்டறை. வெள்ளைக்காரர் அதில் வைன் போத்தல் வைப்பார்கள். எங்கள் ஆட்கள் அரிசி மூட்டையும் வெங்காயமும் வைப்பார்கள்.

"உங்கட பாம்புக்கும் என்ரை வெங்காயத்துக்கும் ஒரே அறையோ?" என்று தவமலர் கேட்டாள்.

"அதுகள் நித்திரையப்பா. வெங்காயத்தை ஒண்டும் செய்யாது."

"குடுத்து வைச்ச சீவன்கள்" என்றாள் தவமலர்.

அவள் பகலில் முதியோர் இல்லத்தில் நடக்கமுடியாதவர்களைத் தூக்கி நிமிர்த்திக் குளிப்பாட்டினாள், பின்னேரத்தில் ஒரு தொழிற்சாலையில் ரொட்டி பொதி செய்தாள், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மோதகம் அவித்தாள், இவற்றுக்கு இடையில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துத் தூர நகரங்களுக்குப் படிக்கவும் அனுப்பிவிட்டாள். கார்த்திகை மாதத்தில் முதல் பனி கொட்டிய ஒரு மாலையில், அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு வெங்காயம் எடுக்கக் கீழே இறங்கிப்போனவள் திரும்பி வரவில்லை. எண்ணெய் புகைந்த மணத்தில் குணநாயகம் அடுப்பை நிறுத்திவிட்டுக் கீழே போய்ப் பார்த்தார். அரிசி மூட்டையில் இருந்தபடி, சுவரில் தலை சாய்த்து, மடியில் வெங்காயத்தோடு, பாம்புப் பெட்டிக்குப் பக்கத்தில் தவமலர் உறங்கிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தார். பாம்பின் குளிர்தான் அவள் உடம்பிலும் இருந்தது. வேறொரு கணவர் என்றால் உலுக்கி எழுப்பியிருப்பார், ஆனால் குளிரில் படுத்த உயிரை இடையில் எழுப்பினால் அதற்கு ஆகாது என்று குணநாயகத்துக்குத் தெரியும். பாய் விரித்துப் படுக்கவைத்து, தடித்த போர்வையால் மூடி, வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்து, கடுகுப் போத்தல் எங்கே இருக்கிறது என்று வாழ்க்கையில் முதன்முதலாகத் தேடத் தொடங்கினார்.

எங்கள் குடும்ப டொக்டர் வந்து தவமலரின் நெஞ்சில் குழாயை வைத்தார். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வெங்காயக் கூடையையும் பார்த்தார். பிறகு எழுந்து, "நெஞ்சு வேலை செய்யுது. அவசரப்படேல்லை, அவ்வளவுதான்" என்றார். வேலைத்தலத்துக்குக் கொடுக்கும் துண்டில் நோயின் பெயருக்கு நேரே களைப்பு என்று எழுதினார். முதியோர் இல்லத்தில் அதை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள், அங்கே எல்லோருக்கும் அந்த நோய் இருந்தது.

செய்தி பரவியதும், அதுவரை அந்த வாசலை மிதிக்காதவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போவதுபோலப் பழங்களோடும் பிளாஸ்குகளோடும் வந்தார்கள். ஆண்கள் படியில் நின்று எட்டிப்பார்த்து, பாவம் என்று சொல்லிவிட்டு மேலே போய் அரசியல் கதைத்தார்கள். பெண்கள் அறைக்குள்ளேயே போனார்கள். செத்தவீட்டு முகத்தோடு உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது அந்த முகத்தில் வேறு எதுவோ இருந்தது.

"இவ காலமை வேலைக்கு எழும்பத் தேவையில்லையோ?" என்று ஒருத்தி குணநாயகத்தைக் கேட்டாள்.

"இல்லை."

"போன் அடிச்சால்?"

"போன் மேலை கிடக்கு. நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."

அவள் தவமலரின் போர்வையைச் சரிசெய்தாள். சரிசெய்யவேண்டியிருக்கவில்லை, ஆனாலும் அதன் ஓரத்தைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பங்குனியில் முதலில் ஆண்பாம்புகள் அசைந்தன, பிறகு பெண்பாம்புகள், எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தவமலர். கண் திறந்ததும் "வெங்காயம் எங்கை?" என்று கேட்டாள். முழங்கால் நோவைப் பாயிலேயே விட்டுவிட்டு எழுந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையமும், பேசும்போது இடையிடையே விடும் பெருமூச்சும் காணாமல் போயிருந்தன. குசினியில் குந்தியிருந்து குணநாயகம் அவித்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு, தேங்காய்ப்பூ காணாது என்று மட்டும் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்து, "பாம்புக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டது" என்றாள்.

குணநாயகத்துக்குக் காது சிவந்துவிட்டது. மாரி முழுவதும் ஒவ்வொரு நாளும் குளிர் அறைக்குப் போய், தூங்குகிற பாம்புகளுக்கு முன்னால் நின்று, புட்டு உதிர்ந்துபோவதிலிருந்து மேற்பார்வையாளர் ஏசியது வரைக்கும் அவர் சொல்லியிருந்தார். பாம்போடு கதைப்பது அவருக்குப் பழைய பழக்கம். பெண்சாதியோடு கதைப்பதுதான் பழக்கமில்லை.

அந்தக் கோடையில் குணநாயகத்தின் பாம்புகள் போட்ட குட்டிகளுக்குக் கிராக்கி வந்தது. முன்பெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறேன் என்றாலும் ஓடுகிற ஆட்கள் இப்போது கலியாணத்தில் தாலிக்குப் பொன்னுருக்க நாள் கேட்பதுபோல நாள் கேட்டு வந்தார்கள். குளிர் விடுமுன்னரே, பாம்பில்லாமல் வெறும் குளிர் அறையில் படுத்துப் பார்த்த பெண்களுக்குப் பல்லுக் கிட்டியதே தவிர நித்திரை வரவில்லை. அதனால் மண்புழுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர்கள் மண்புழு வெட்டப் பழகினார்கள், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் வேறு கத்தி வாங்கினார்கள். தமிழ் வானொலியில் வீடு விற்கும் விளம்பரத்தில் நல்ல குளிர் அறை உண்டு என்ற வாக்கியம் புதிதாகச் சேர்ந்தது. பெண் பார்க்கப்போன ஓரிடத்தில், மாப்பிள்ளை வீட்டார் மருமகளுக்கு மாரிக்குப் படுக்க விடுவார்களா என்று பெண் வீட்டார் வெளிப்படையாகவே கேட்டார்கள்.

இதை எதிர்த்தவர் அம்மன் கோயில் தலைவர் அருளம்பலம் ஒருவர்தான். பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தால் ஐயர் அதைத் திரும்பக் கேட்டு வாங்கவேண்டியிருக்கும். "பாம்பைக் கும்பிடலாம், புற்றுக்குப் பால் வார்க்கலாம், பாம்பின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம், ஆனால் அதன் பக்கத்தில் பாய் போடக் கூடாது" என்று அவர் சொன்னார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி யோகராணி பூத்தட்டோடு நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கடையில் பெட்டி தூக்குகிறவளும் அவள்தான், கோயிலில் தட்டுத் தூக்குகிறவளும் அவள்தான், அவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறவளும் அவள்தான். அவளுடைய குரலை நினைவுபடுத்திப் பார் என்று யாராவது கேட்டிருந்தால் எங்களில் பலரால் முடிந்திருக்காது.

கார்த்திகை பிறந்தது. பெண்கள் கணக்கெல்லாம் முடித்து, குளிர்பெட்டியில் கறிகளை உறையவைத்து, தடித்த காலுறை மாட்டி, அவரவர் வீட்டுக் குளிர் அறையில் படுத்தார்கள். யோகராணி, தவமலரிடம் வாங்கிய ஏனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று புருஷனுக்குச் சொல்லிவிட்டு வந்தாள், ஏனத்துக்குள் தலையணை உறை இருந்தது. தவமலர் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்தாள். அருளம்பலம் தேடிக்கொண்டு வந்தபோது இரண்டு பேரும் குளிர்ந்துபோயிருந்தார்கள்.

அருளம்பலம் மூன்று வெள்ளிக்கிழமை ஒலிவாங்கியைத் தொடவில்லை. நாலாவது வெள்ளி அதைப் பிடித்து, இது அனந்தசயன விரதம் என்றும், பழைய முறை ஒன்று என்றும், தன்னுடைய ஆலோசனையின்பேரில் தன் மனைவியே இதைத் தொடக்கிவைத்திருக்கிறாள் என்றும் அறிவித்தார். பாம்பில் படுத்து உறங்குகிறவர் பெருமாள், எங்களுடையது சைவக் கோயில், ஆகவே நிர்வாகசபையில் கொஞ்சம் இழுபறி இருந்தது. சிவனுடைய கழுத்திலும் ஒன்று கிடக்கிறதுதானே என்று ஒருவர் எடுத்துச் சொன்னபிறகு தீர்மானம் நிறைவேறியது.

அந்த மாரியை ஆண்கள் நடத்தினார்கள். சோறு அடிப்பிடித்தது, தைப்பொங்கலில் பானை பொங்குவதற்குப் பதிலாக வெடித்தது, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவர மறந்தவர்களுக்கு ஆசிரியை தொலைபேசி எடுத்தாள். இடையில் பல ஆண்கள் தாங்களும் படுத்துப் பார்க்கத் தீர்மானித்தார்கள். அதே அறை, அதே பாம்பு, அதே போர்வை. ஒருவருக்கும் நித்திரை பிடிக்கவில்லை, எல்லோருக்கும் சளி பிடித்தது. பாம்பு ஆண்வாடைக்கு ஒத்துழைப்பதில்லை என்று ஒரு பகுதியினர் சொன்னார்கள், போனை உள்ளே கொண்டுபோனதுதான் பிழை என்று இன்னொரு பகுதியினர் சொன்னார்கள். பின்னால் பங்குனியில் எழும்பிய தவமலரிடம் இந்த விவாதத்தைக் கொண்டுபோனபோது அவள், "படுக்கிறதுக்கு முதல் களைக்க வேணும்" என்றாள். 

பனி கரையத் தொடங்கியதும் ஸ்காபரோ முழுவதும் ஒரே காட்சி. முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, கையில் சூடான கோப்பியோடு ஆண்கள் குளிர் அறைக் கதவுகளுக்கு வெளியே நின்றார்கள். பாம்பிலும் இப்படித்தான், ஆண்கள் முதலில் எழும்பிப் பொந்து வாசலில் காத்திருக்கும், பெண் தன்பாட்டில் ஆறுதலாக வரும் என்று குணநாயகம் சொன்னார், அது யாருக்கும் சிரிப்பாகப் படவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். பனிக்கட்டி உருகிய குழாய்போலச் சத்தம் திரும்பி வந்தது, ஏச்சுத் திரும்பி வந்தது, கடுகு தாளிக்கிற மணம் திரும்பி வந்தது.

யோகராணி எழும்பவில்லை.

"எழுப்புங்கோ" என்றார் அருளம்பலம்.

"எழுப்பக் கூடாதண்ணை" என்றார் குணநாயகம்.

"நான் தலைவர்."

"பாம்புக்கு அது தெரியாது."

அருளம்பலம் தவிலும் நாதசுரமும் கொண்டுவந்தார், கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு வந்து அடித்தார், கடைக் கதவு திறந்தால் அடிக்கும் கிணுகிணுப்பையும் போனில் பதிந்துகொண்டு வந்து காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். அவளுடைய இமைகூட அசையவில்லை. வெயில் ஏறி, குளிர் அறை குளிராமல் போனதால், அவளை ஒரு கட்டிலில் ஏற்றிப் பேஸ்மென்றின் நடுவில், பாம்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். மெல்லிய போர்வை மாற்றினார்கள். அருளம்பலம் ஒவ்வொரு பின்னேரமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

முதலில் அவர் கட்டளையிட்டார். பிறகு முறைப்பாடு செய்தார், பருப்பு வியாபாரி ஏமாற்றியதையும் நிர்வாகசபையில் தனக்கு எதிராக நடக்கும் கூட்டத்தையும். முறைப்பாடுகள் முடிந்தபோது கதிரையை விட்டு எழும்ப மனமில்லாமல் வேறு எதையோ சொல்லத் தொடங்கினார். பாரிசில் தான் உணவகம் ஒன்றின் மேலாளராக இருந்ததாகக் கலியாணம் பேசும்போது சொன்னது பொய், கோப்பை கழுவினேன் என்றார். கடலில் குளிக்கப்போகும் இடமெல்லாம் செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லிக் கரையில் நிற்பது, சின்ன வயதில் கிணற்றுக்குள் விழுந்த பயத்தால் என்றார். ஒலிவாங்கி கையில் இல்லாதபோது தன்னுடைய குரல் தனக்கே கேட்பதில்லை என்றார். படியில் போய்வரும்போது குணநாயகம் இவற்றில் பாதியைக் கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்று காட்டுவதற்காகப் பலமாக இருமினார்.

ஆடி முடிவில் பெரிய பெண்பாம்புக்குக் குட்டி போடும் நேரம் வந்தது. குணநாயகம் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்தார். பாம்பு வாலை உயர்த்தும், வயிற்றில் ஓர் அலை ஓடும், மெல்லிய சவ்வுக்குள் சுருண்ட குட்டி ஒன்று வழுக்கி விழும், சவ்வைக் கிழித்துக்கொண்டு தலையை நீட்டும், நீட்டிய உடனேயே நாக்கை வெளியே விட்டு இந்த உலகம் என்ன மணம் என்று பார்க்கும். தாய் திரும்பியும் பார்க்காது. குட்டியும் தாயைத் தேடாது.

"தண்ணிப் பாத்திரத்தைக் கிட்ட நகர்த்தி விடுங்கோ. அதுக்குத் தாகமாய் இருக்கும்."

குணநாயகம் நகர்த்திவிட்டார். பிறகுதான் அந்தக் குரல் தவமலருடையது அல்ல என்று அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். யோகராணி கட்டிலில் ஒருக்களித்து, கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்து, பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப எழும்பினனீங்கள்?"

"சித்திரை வருசப் பிறப்பண்டு."

குணநாயகம் படியைப் பார்த்தார். தவமலர் ஒரு தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் ஒரு படி தயங்கி, பிறகு வழக்கம்போல இறங்கி வந்து தட்டைக் கட்டிலில் வைத்தாள்.

"இவருக்கும் தெரிஞ்சிட்டுதோ" என்றாள்.

"இவ்வளவு நாளும் நீரோ சாப்பாடு குடுத்தனீர்?"

"பேந்து என்ன? பாம்புக்கு நீங்கள் குடுக்கேல்லையே?"

யோகராணி சோற்றைக் குழைத்தாள். "முதல் நாளே எழும்பி வீட்டை போவம் எண்டுதான் இருந்தன் அண்ணை. அவர் வந்து இருந்து கதைக்கத் தொடங்கினார். இன்னும் கொஞ்சம் கேட்டுட்டு எழும்புவம் எண்டு கிடந்தன். அடுத்த நாளும் வந்தார். அந்த மனுசனுக்குத் தண்ணியெண்டால் பயம் எண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. நான் கண்ணை முழிச்சால் அவர் திரும்பவும் தலைவராயிடுவார்."

சொல்லமாட்டேன் என்று குணநாயகம் ஒத்துக்கொண்டார், ஆனால் பொய் சொல்ல வராத மனிதருக்கு அது பெரிய பாரமாக இருந்தது. அன்று பின்னேரம் அருளம்பலம் வந்து, "அசைவு ஏதும் தெரிஞ்சதோ?" என்று கேட்டபோது, "குட்டிகள் சுகம்" என்று சொல்லிவிட்டு மேலே ஓடிவிட்டார். ஆண்களுக்குத் துரோகம் செய்துவிட்டதாக நினைத்து அவர் கொஞ்சநாள் சரியாகச் சாப்பிடவில்லை. தவமலர் அதைப் பார்த்து, "பாவம் எண்டால் நீங்களும் போய் ஒரு கதிரையைப் போடுங்கோ, ஆர் வேண்டாமெண்டது" என்றாள். அவர் உண்மையிலேயே ஒரு கதிரையை எடுத்துக் குசினியில் போட்டு, அவள் கீரை ஆயும்போது இருந்து, தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். தொடக்கத்தில் பாம்புக்குச் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது, ஏனென்றால் இவள் இடையில் கேள்வி கேட்டாள்.

ஆவணியில் கோயில் திருவிழா வந்தது. கொடியேற்றத்தின்போது தலைவர் தம்பதியாக நின்று சங்கற்பம் செய்வது வழக்கம். உறங்குகிற மனைவி இருக்கிறவரைத் தம்பதியாகக் கணக்கெடுக்கலாமா என்று நிர்வாகசபை கூடி ஆராய்ந்தது. கட்டிலோடு தூக்கிவரலாம் என்றார் ஒருவர். கொடித்தம்பத்துக்குப் பக்கத்தில் கட்டில் போட இடமில்லை என்றார் இன்னொருவர். அவளுக்குப் பதிலாக ஒரு பாம்புப் பெட்டியை வைக்கலாம் என்றும் ஓர் ஆலோசனை வந்தது, அதைச் சொன்னவர் கிண்டல் செய்யவில்லை. கடைசியில், மனைவியை எழுப்பு, இல்லாவிட்டால் பதவியை விடு என்று முடிவாகி, அடுத்த தலைவராக வரப்போகிறவர் பட்டுவேட்டிக்குக் கரை பார்க்கத் தொடங்கினார்.

அந்தப் பின்னேரம் அருளம்பலம் கடையை வேளைக்கே பூட்டிவிட்டு வந்தார். குணநாயகமும் தவமலரும் குட்டிகளைத் தனித்தனிப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போகப் பார்க்க, "இருங்கோ, இதிலை ஒளிக்க ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட நகர்த்தினார். பிறகு கட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

"விடச் சொல்லுறாங்கள். விட்டால் என்ரை பேரைக் கோயில் கல்லிலை வெட்டமாட்டாங்கள், அதுதான் கவலை. வேறை கவலை இல்லை. உம்மை எழுப்பச் சொல்லி ஒரு சாத்திரியைக் கூட்டியரவும் ஆக்கள் நிக்கினம். நான் வேண்டாமெண்டிட்டன். நீர் படுத்திரும். நான் பதவியை விடப்போறன்." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "என்ன சொல்லுறீர்? ஒண்டும் சொல்லாட்டி ஓம் எண்டுதானே அர்த்தம். இவ்வளவு காலமும் நான் அப்பிடித்தானே எடுத்தனான்."

யோகராணி கண்ணைத் திறந்தாள்.

"இல்லை" என்றாள்.

ஒரு குட்டிப்பாம்பு குணநாயகத்தின் விரலிடுக்கால் நழுவித் தரையில் ஓடியது. ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. அருளம்பலம் மெதுவாக, இந்தச் சொல்லை அவளுடைய குரலில் தான் முன்பு எப்போதாவது கேட்டதுண்டா என்று யோசிக்கிறவர்போல, தலையைச் சாய்த்தார்.

"விட வேண்டாமோ?"

"விடுங்கோ, விடாமல் இருங்கோ, அது உங்கட இஷ்டம். நான் பேசாமல் இருந்தால் ஓம் எண்டு அர்த்தமில்லை. அதைத்தான் சொன்னனான்."

"எப்ப தொடக்கம் முழிப்பு?"

"பாரிசுக்கு முதல்."

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தவமலர் குணநாயகத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். கீழே அழுகைச் சத்தமோ சண்டைச் சத்தமோ கேட்கவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு இருவரும் படியேறி வந்தார்கள், யோகராணி முன்னால், அவர் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால். வாசலில் அவர் குனிந்து அவளுடைய காலணியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அது இன்னும் மாரிச் சப்பாத்தாகத்தான் இருந்தது, வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே அவள் காருக்கு நடந்தாள்.

கொடியேற்றத்துக்கு இருவரும் சோடியாக நின்றார்கள். யோகராணி பூத்தட்டைத் தூக்காமல் வெறுங்கையோடு நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். தட்டைத் தலைவர் தூக்கியிருந்தார். பட்டுவேட்டி வாங்கியவருடைய மனம் நோகக் கூடாது என்பதற்காக நிர்வாகசபை அருளம்பலத்தை அடுத்த கூட்டத்தில் வேறொரு காரணம் சொல்லி இறக்கிவிட்டது. அவர் ஒலிவாங்கியைத் துடைத்துப் புதியவரிடம் கொடுத்தார்.

ஆனால் வீட்டில் ஒரு சங்கடம் உண்டானது. பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, யோகராணிக்கு முன்னால் இருந்து, அவள் அவரைப் பார்க்க, அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பருப்பு விலையைச் சொன்னார். காலநிலையைச் சொன்னார். தொண்டையைச் செருமிவிட்டு, பொதுமக்களே என்று தொடங்கப்போகிறவர்போல வாயைத் திறந்து மூடினார். இரண்டு மூன்று பின்னேரம் இப்படிப் போனது. யோகராணி அதையும் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நான் இனிப் பின்னேரத்திலை எங்கை போறது?" என்று கேட்டார்.

"எங்கையும் போகத் தேவையில்லை" என்றாள் அவள். அடுப்பை நிறுத்தினாள், கையைத் துடைத்தாள், சோபாவில் காலை நீட்டிப் படுத்து, சேலைத் தலைப்பை மார்புவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு கண்களை மூடினாள்.

அருளம்பலம் கோப்பையை யன்னலோரம் வைத்தார். பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

"இண்டைக்குக் கடையிலை ஒரு பகிடி நடந்தது" என்று தொடங்கினார்.